எங்கள் பின்சரிவுக்குக் கல் பாவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு ஒன்றில் 22 வருடமாகக் குடியிருக்கிறேன். எட்டு பிளாக், பிளாக்குக்கு எட்டு வீடு, மொத்தம் 64 குடும்பம். போன செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். பிளாக்குகளுக்கு நடுவில் உள்ள திடலையும், பின்னால் உள்ள சரிவின் மேல்விளிம்பையும் அளந்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். என்ன வேலை என்று கேட்டேன். "பேவர் பிளாக் வருது பாட்டி, இனி சேறே இருக்காது" என்றார் ஒருவர். நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கோடு, ஏழாம் பிளாக்குக்குப் பின்னால் நாங்கள் நட்டு வளர்த்த வெட்டிவேர் வரிசையின் மேலேயே போகிறது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு மனு கொடுத்தாகிவிட்டது. இதே மாதிரிக் குடியிருப்புகளில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிம்ஸ் பூங்காவில் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமாகி, மொத்தம் 29 வருடம் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டினவர். 1964-ல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி எங்கள் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தோம். இங்கே வந்தும் அப்பாவுக்கு அதே மண்வெட்டி, அதே கான்.

கான் என்றால் என்ன என்று தோட்டத்தில் வேலை பார்க்காதவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தேயிலைக்கு நடுவே வெட்டும் வடிகால் அது. நேராக மலையிறங்காமல் சரிவுக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வோடு போகும். சில அடிக்கு ஒரு சின்னக் குழி எடுத்து, குழியின் தலைமாட்டில் வெட்டாமல் ஒரு திட்டு விடுவார்கள். வருகிற தண்ணீர் குழிக்குள் விழுந்து, சுமந்து வந்த மண்ணை அங்கே போட்டுவிட்டு, தெளிந்து, திட்டின் மேல் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மழை விட்டதும் குழியில் தங்கின மண்ணை அள்ளி மேலே இருக்கும் செடியின் தூரிலேயே திரும்பப் போடுவார்கள். "தண்ணி நடந்து போகணும், ஓடக் கூடாது" என்று அப்பா சொல்லுவார். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அவர் சொன்னதுதான்.

எங்கள் குடியிருப்பு மலையை வெட்டிப் படிபோலச் செய்த மூன்று தட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒரு சரிவும் ஒரு தடுப்புச் சுவரும். கடைசித் தட்டுக்குக் கீழே சரிவு, சரிவின் அடியில் ஓடை. வீட்டுக்குள் இருக்கிற இடம் எங்கள் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே இருக்கும் திடல், படிக்கட்டு ஓரம், சுவரின் பின்புறம், சரிவு எல்லாம் யாருடையது என்று கேட்டால் பதில் வராது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் இருந்த காலத்தில் அப்படி இல்லை. எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையை எந்த வீடு எந்த நாள் கழுவ வேண்டும் என்று முறை இருந்தது. முறை தவறினால் பெரியவர்கள் கேட்பார்கள். இங்கே 64 குடும்பமும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கொருவர் முகம் பழகவே நாலைந்து வருடம் ஆயிற்று. அதற்குள் பின்பக்கம் குப்பை மேடாகிவிட்டது.

அதை ஆண்டுக்கு இரண்டு முறை ஒப்பந்தத்தில் சுத்தம் செய்வார்கள். ஆறேழு ஆட்கள் புல்வெட்டும் மிஷினும் மண்வெட்டியுமாக வந்து, ஒரே நாளில் சரிவை மொட்டையடித்து, வெட்டினதை ஓரமாகக் குவித்துக் கொளுத்திவிட்டுப் போவார்கள். பார்க்கத் துப்புரவாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது முறை வருவது எப்போதும் புரட்டாசியில். குன்னூர்ப் பக்கம் பெரிய மழையைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் இங்கே கொட்டும். அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற வேரையெல்லாம் பெயர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஆயிற்று. நாலு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், ஏழாம் பிளாக் கீழ்வீட்டுப் பெண் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினோம். மேல்தட்டுச் சுவரின் மேலாகச் சேறு வழிந்து, சமையலறை ஜன்னலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. முழங்கால் அளவுக்குச் சேறு. கேஸ் சிலிண்டர் சாய்ந்து கிடந்தது. கைக்குழந்தை அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. விடியும்வரை பாத்திரத்தால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினோம். மறுநாள் மணல் மூட்டை அடுக்கி, நீலத் தார்ப்பாய் போர்த்தினார்கள். அடுத்த புரட்டாசிக்கு அதே ஒப்பந்த வேலை மறுபடி வந்தது.

நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்கச் சரிவுகள் இறங்கி 40-க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவு மழையை எந்தப் புல்லும் தடுக்காது, அது எனக்குத் தெரியும். நான் சொல்வது ஒவ்வொரு வருடமும் வருகிற 10 செ.மீ., 15 செ.மீ. மழையைப் பற்றி. எங்கள் பிளாக்கைச் சுற்றிப் பேரனை வைத்து டேப் பிடித்து அளந்தேன். கூரை ஏறத்தாழ 180 சதுர மீட்டர் வருகிறது. 10 செ.மீ. மழை பெய்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 18,000 லிட்டர் இறங்கும். இரண்டு லாரித் தண்ணீர். எட்டு பிளாக்குக்குப் பதினாறு லாரி. கூரைக் குழாய்கள் எல்லாம் சரிவின் மேல்விளிம்பில் வெறும் மண்ணில் வாய் திறந்து நிற்கின்றன. இப்போது திடலில் விழுகிற மழையில் ஒரு பங்கைப் புல்லாவது குடிக்கிறது. அங்கே பேவர் பிளாக் பாவிவிட்டால், அந்தத் தண்ணீரும் கூரைத் தண்ணீரோடு சேர்ந்து ஒரே பாய்ச்சலில் விளிம்புக்கு வந்து நிற்கும். திடலில் சேறு இருக்காது என்று அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். அந்தச் சேறு கீழ்வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்துவிடக்கூடிய இடம் இது. 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம். சென்னையில் உறிஞ்சுகுழி தோண்டி நீரை மண்ணுக்குள் இறக்குகிறார்கள், அங்கே அது வேண்டியதுதான். செங்குத்தாக வெட்டின சரிவின் விளிம்பில் அதே குழியைத் தோண்டினால், நீர் இறங்கி, சுவருக்குப் பின்னால் இருக்கும் செம்மண் ஊறிக் கனத்து, சுவரை முன்னால் தள்ளும். அடியில் பாறை இருக்கும், தண்ணீருக்குப் போக வழி இருக்காது. ஆகையால் மலையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், மீதியைக் குழாய் வழியாகவோ கல் பதித்த கானிலோ பத்திரமாக ஓடை வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். மண்ணில் நேராக விழுகிற மழையை மட்டும் புல்லும் வேரும் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சேறு வந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். யாரும் யாருக்கும் காசு தரவில்லை.

முதலில் சுவர் ஓட்டைகளைப் பார்த்தோம். தடுப்புச் சுவர் கட்டும்போது, பின்னால் தேங்கும் நீர் வெளியேற பிவிசி குழாய்த் துண்டுகளைச் சுவரில் பதித்து விடுவார்கள். ஏழாம் பிளாக் சுவரில் 14 ஓட்டை. அதில் 11 அடைத்துக் கிடந்தது. மூன்றாம் பிளாக்கில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒரு இரும்புக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் கொடுத்தார். அதை விட்டு இழுக்க இழுக்க, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் எங்கள் வீடுகளே வெளியே வந்தன. பால் கவர், முட்டை ஓடு, ஷாம்பு பாக்கெட், ஒரு குழந்தையின் சிவப்பு சாக்ஸ். சாக்ஸை இழுத்ததும் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு உள்ளே ஏதோ கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் காப்பி நிறத்தில் தண்ணீர் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பீய்ச்சி அடித்தது. கால் மணி நேரம் நிற்கவே இல்லை. மழை விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது அப்போது. அத்தனை நாளும் அந்தத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது. என் பக்கத்தில் நின்ற கீழ்வீட்டுப் பெண் வாயில் கைவைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவள் குழந்தை படுக்கிற கட்டில் அந்தச் சுவருக்கு எட்டடி தூரத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் கான். சரிவுக்குக் குறுக்கே மூன்று கான், அப்பா வெட்டினபடியே குழியும் திட்டுமாக. என்னால் இப்போது மண்வெட்டி பிடித்து அரைமணி நேரம்தான் முடியும், மற்றவர்களுக்குக் கயிறு கட்டிக் காட்டிக்கொடுத்தேன். கானின் கீழ்க்கரை நெடுகிலும் வெட்டிவேர் நாற்று, அரைச் சாண் இடைவெளியில். ஆனி மாதத்துச் சாரலில் நட்டோம், அப்போது நட்டால்தான் ஐப்பசிக்குள் பிடித்துக்கொள்ளும். சமவெளியில் வளர்கிற மாதிரி இந்தக் குளிரில் மடமடவென்று வராது. முதல் வருடம் ஒரு முழம்தான் வந்தது, இரண்டு பேர் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று சொன்னார்கள். மூன்றாம் வருடம் வரிசை இடைவெளி தெரியாமல் சேர்ந்துவிட்டது. வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும். அதுதான் அதன் சிறப்பு, சுவரையும் கெடுக்காது. மூன்று ஐப்பசி ஆயிற்று, ஏழாம் பிளாக்குக்குப் பின்னால் இதுவரை சேறு இறங்கவில்லை. எட்டாம் பிளாக்குக்குப் பின்னால், நாங்கள் இன்னும் கைவைக்காத இடத்தில், போன கார்த்திகையிலும் இறங்கியது.

உண்ணிச்செடியைப் பற்றிக் கேட்பார்கள். சரிவு முழுக்க அதுதான் இருந்தது. அது இந்த மண்ணுக்கு வந்தேறி, அடியில் வேறெதையும் வளரவிடாது, எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் சரிவு அம்மணமாகிவிடும். நாங்கள் மழை ஓய்ந்த மாசியில் ஒரு பட்டை எடுப்போம், ஒரு பட்டை விடுவோம். எடுத்த இடத்தில் எலுமிச்சைப்புல்லும் தவிட்டுப்பழச் செடியும் வைத்து, அது பிடித்தபிறகு அடுத்த பட்டை. மரம் வைப்பதை ஓடைப் பக்கம் ஒதுக்கினோம். நாவல் நாலு, விக்கி இரண்டு, காட்டுச் செண்பகம் ஒன்று. சோலை மரங்கள் பொறுமையானவை, என் காலத்தில் நிழல் கொடுக்காது. சுவருக்குப் பக்கத்தில் மரமே கூடாது. வேர் கல்லின் இடுக்கில் போய்ச் சுவரைப் பிளக்கும்.

பூங்காவில் வேலை பார்த்த எனக்கு முதலில் ஒரு தவறான எண்ணம் இருந்தது, அதையும் சொல்கிறேன். எல்லா இடமும் ஒரே மாதிரி வெட்டி, ஒரே உயரத்தில், சீராக இருக்க வேண்டும் என்று கைக்குப் பழக்கம். இங்கே வந்துதான் மாற்றிக்கொண்டேன். படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் இரண்டு பக்கமும் ஆறடிக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. காலையில் ஆறு மணிக்குப் பிள்ளைகள் டியூஷன் போகும்போது புதருக்குப் பின்னால் காட்டுமாடு நிற்கும். நின்றால் தூரத்திலேயே தெரிய வேண்டும். குழந்தைகள் விளையாடுகிற திடலில் புல்லைக் குட்டையாக வெட்டலாம். சரிவில் வெட்டவே கூடாது, வருடத்துக்கு ஒரு முறை மழைக்காலம் முடிந்து தையில், அரை அடி விட்டு மேலாக மட்டும் கத்தரித்தால் போதும். வெட்டினதை அங்கேயே படுக்கப் போட வேண்டும், கொளுத்தக் கூடாது. ஓடைப் பக்கம் மனிதனே அதிகம் போக வேண்டாம். அங்கே காட்டுச் செடிகள் பூத்து, காய்த்து, விதை உதிரட்டும். இப்போது பொந்துத் தேனீ அங்கே வருகிறது. ஐந்தாம் பிளாக்கில் இருக்கிற படுகர் பாட்டி, சின்ன வயதில் தன் ஹட்டியில், அதாவது தன் ஊரில், பார்த்த ஒரு பூ இங்கே பூத்திருக்கிறது என்று தினம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வருடம் ஒப்பந்த ஆட்கள் படிக்கட்டு இடுக்குப் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். மறுநாள் பிள்ளைகள் அதே படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடை, ஓடைக்குக் கீழே குடிநீர் எடுக்கிற கிணறு. பிரான்சு நாட்டில் 2017-லிருந்து அரசுப் பூங்காக்களில் ரசாயன மருந்து அடிக்கத் தடை இருக்கிறதாம். 2022 ஜூலையிலிருந்து குடியிருப்புகளின் பொது இடங்களுக்கும் அந்தத் தடை வந்துவிட்டது என்று கோவையில் சுற்றுச்சூழல் படிக்கும் என் பேத்தி சொன்னாள். எங்களுக்குச் சட்டம் வேண்டாம், அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும். படிக்கட்டுப் புல்லை எடுக்க ஒரு கத்தியும் ஒரு மணி நேரமும் போதும்.

குப்பைக்கு வருகிறேன். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்லிவிட்டன. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை மாநிலத்துக்கு முன்பே வந்தது. பிரிப்பது எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசி பேருக்குப் பழகிவிட்டது. பிரச்சினை ஈரக்குப்பை. வண்டி வராத நாளில் தொட்டி வழியும், ராத்திரி கரடி வரும். இரண்டாம் பிளாக் தாத்தா ஒருநாள் விடியற்காலையில் கதவைத் திறந்தவர், மூன்றடியில் கரடியைப் பார்த்து அப்படியே கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அவர் வெளிச்சம் வராமல் வெளியே வருவதில்லை. மின்வேலி போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் சொன்னது, கரடிக்குச் சாப்பாடு போடுவதை முதலில் நிறுத்துவோம் என்று.

ஒரு வாரம் எடைபோட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்குச் சராசரி 28 கிலோ. கேரளத்துக்காரர்கள் தும்பூர்முழி என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நாலடிக்கு நாலடி, நாலடி உயரத்தில், பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விட்ட பெட்டி. அடியில் சாணி, அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் குப்பை, மறுபடி சாணி, சருகு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மூடி இருந்தால் வாடை வராது. அங்கே 90 நாளில் உரமாகிவிடும். நம் குளிரில் எங்களுக்கு ஐந்து மாதம் ஆகிறது. சைப்ரஸ் இலையும் கற்பூர மரத்து இலையும் சீக்கிரம் மக்காது, அவற்றைக் கலக்கக் கூடாது என்று ஒரு பெட்டியைப் பாழாக்கிய பிறகு தெரிந்துகொண்டோம். மீன், கறிக்கழிவு போடுவதில்லை, அது தனியாக வண்டிக்குப் போய்விடும். பெட்டியைச் சின்னதாகச் செய்யாதீர்கள் என்று மற்றக் குடியிருப்புக்காரர்களுக்குச் சொல்வேன். குளிர் ஊரில் சின்னக் குவியல் சூடேறாது. நாலடிப் பெட்டி தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். மார்கழியில் வெளியே புல்லெல்லாம் பனியில் விறைத்துக் கிடக்கும்போது, பெட்டியின் மூடியைத் திறந்தால் ஆவி எழும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று அதில் கை காய்ச்சிக்கொண்டு போவார்கள். இப்போது மூன்று பெட்டி இருக்கிறது, 64 வீட்டில் 41 வீடு தருகிறது. தராத வீடுகளோடு நான் சண்டை போடுவதில்லை. காலையில் ஐந்து மணிக்கு எஸ்டேட் வேலைக்குப் போய் சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பும் பெண்ணிடம் சருகு அடுக்கு என்று எப்படிச் சொல்வது? கரடி முழுக்க நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். முன்பு வாரத்துக்கு மூன்று நாள் வந்தது, இப்போது எப்போதாவது கடந்து போகிறது.

பேவர் பிளாக் வேண்டும் என்கிற அண்டைவீட்டார் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நாலாம் பிளாக்கில் ஒரு அம்மாவைச் சக்கர நாற்காலியில்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும், மழையில் சக்கரம் புதைகிறது. சிலிண்டர் தூக்கி வருகிறவர் வழுக்கி விழுந்தார். ஆட்டோ வைத்திருக்கிற ஐந்து பேருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும், அது அவர்கள் பிழைப்பு. நடைபாதைக்குக் கல் போடுங்கள், எல்லாப் பிளாக்குக்கும் போடுங்கள், கைப்பிடியும் வையுங்கள். ஆட்டோ நிறுத்தும் இடத்துக்கு நடுவில் ஓட்டையுள்ள கல் இருக்கிறது, ஓட்டையில் புல் முளைக்கும், வண்டியும் புதையாது. திடல் முழுவதையும், சரிவின் விளிம்பையும் மூடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் அண்ணன் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அங்கே அரசு வீடமைப்புக் கழகம் கட்டின அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறான். அங்கே 2005-லிருந்து பிளாக்குக்குக் கீழே குடியிருப்பவர்களே சேர்ந்து தோட்டம் போடுவதை அரசே நடத்துகிறது என்று படம் அனுப்புவான். பேத்தி சொன்ன இன்னொரு இடம் சுவீடனில் மால்மோ நகரத்து ஆகஸ்டன்போர்க். 1950 வாக்கில் கட்டின வாடகைக் குடியிருப்பு அது. மழைக்குக் கீழ்த்தளமெல்லாம் நீர் புகுந்துகொண்டிருந்தது. 1998-ல் தொடங்கி, கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் திறந்த வாய்க்காலிலும் குளத்திலுமாக மெதுவாக நடத்திக் கொண்டுபோனார்கள், கூரைமேல் செடியும் வளர்த்தார்கள். அது சமதரை, எங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அங்கே வேலை தொடங்கும் முன்பும் நடக்கும்போதும் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் வெட்டின கானும் அதே வேலையைத்தான் செய்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை சரிவை மொட்டையடிக்கச் செலவாகும் பணத்தையும், பேவர் பிளாக்குக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கையும் வைத்து, குடியிருப்புக்கு ஒருவரை, எங்கள் 64 வீட்டிலிருந்தே, நாளைக்கு மூன்று மணி நேர வேலைக்கு நிரந்தரமாக வையுங்கள். பூங்காவில் ஒரு பாத்தியை ஒரே ஆள் வருடக்கணக்காகப் பார்ப்பார். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் கிளை காற்றுக்கு முறியும் என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் 14 ஓட்டையில் கம்பி விட்டுப் பார்க்கக் கால் மணி நேரம்தான் ஆகும். கான் குழியில் தங்கின மண்ணை அள்ள அரை மணி நேரம். இதை எந்த டெண்டராலும் செய்ய முடியாது, ஏனென்றால் மழை பெய்த மறுநாள் காலையில் டெண்டர் எடுத்தவர் இங்கே இருக்கமாட்டார். ஏழாம் பிளாக் கீழ்வீட்டுப் பெண்ணின் பெயரை நான் மனுவில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஓட்டை அடைத்தால் முதலில் சேறு வருவது அவள் வீட்டுக்கு. மூன்று வருடமாகக் கூலி இல்லாமல் அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறாள்.

"நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்று அரசே சொல்லி, குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்பை நடத்தச் சொல்கிறது. நல்ல பெயர். பொறுப்பைக் கொடுக்கும்போது மதிப்பீட்டுத் தாளையும் கொடுங்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், எந்த இடம் என்று கோடு போடுவதற்கு முன்னால் எங்கள் படிக்கட்டில் ஒட்டுங்கள். திருத்தம் சொல்ல ஒரு மாதம் விடுங்கள். எங்களில் கொத்து வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தோட்ட வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பிளம்பர் இருக்கிறார். எங்கள் சுவர் எங்களுக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்துவிட்டது. திரும்பவும் அளக்க வருவார்கள். வெயில் நாளில் வராமல், ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற ஒரு மத்தியானம் வரச்சொல்லி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். குடையும் கம்பியும் நான் எடுத்து வருகிறேன். முதலில் ஏழாம் பிளாக்குக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும், பிறகு எட்டாம் பிளாக்குக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவில் முப்பது அடிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பணியாளர்,
ஆறாம் பிளாக், குன்னூர், நீலகிரி மாவட்டம்.